பதிவின் பூர்வீகம் பாருங்கள்: ஹை-ரெஸ் இசையைத் தேடிப் பிடித்துக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

1992 செப்டம்பர். கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு சிற்றாலயம். அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரும், கிதாரை மாற்றி அமைத்த மோகன வீணையை வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டும் பதிவுக்குச் சற்று முன்புதான் முதல்முறையாகச் சந்தித்தார்கள். தபலாவில் சுக்விந்தர் சிங். தும்பெக் என்ற கைப்பறையில் கூடரின் பதின்ம வயது மகன். பதிவு செய்தவர் இலங்கையில் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். அவர் பயன்படுத்தியது வால்வு மின்சுற்றும் அனலாக் நாடாவும். ஒவ்வொரு வாத்தியத்தின் வாயிலும் ஒரு மைக்கைச் செருகாமல், அந்த இடம் எப்படி ஒலித்ததோ அப்படியே பிடித்தார். 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்ற பெயரில் 1993இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது அந்தப் பதிவு.

நான் அதை முதலில் கேட்டது சாதாரண சிடியில். இரண்டு கிதார்களும் ஒன்றை ஒன்று தேடிக்கொண்டு மெல்லத் தொடங்கும்போது, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் காற்று கூடக் காதில் விழுந்தது. அதே வாரம் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்ட வேறொரு ஆல்பத்தை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தேன். கேட்டுப் பத்தே நிமிடத்தில் காது வலித்தது. எல்லாம் ஒரே சத்தம், மூச்சு விட இடமே இல்லை.

சிடியைவிட உயர்ந்த எண்களோடு விற்கும் இத்தகைய ஒலிக்கோப்புகளைத்தான் ஹை-ரெஸ் என்கிறார்கள். அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கோப்பின் மேல் இருக்கும் எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் பதிவின் பூர்வீகத்தைப் பாருங்கள்: எங்கே, எப்படி, யார் பதிவு செய்தது, மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கி, 'மாஸ்டர்' என்ற இறுதி வடிவத்தை உருவாக்கும் வேலை) யார் கையில் நடந்தது என்று.

முதல் படி: எண்கள் என்ன சொல்கின்றன

1982இல் வந்த சிடியின் கணக்கு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். ஒலி அலையை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து குறித்துக்கொள்கிறார்கள் என்று பொருள். அளக்கும் வேகத்தில் பாதி வரையிலான அதிர்வெண்களைப் பிசகில்லாமல் மீட்கலாம் என்பது கணிதம். ஆக, சிடியில் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாம் இருக்கிறது. இளங்காது 20 வரை கேட்கும். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும்.

பிட் என்பது மிக மெல்லிய ஓசைக்கும் மிகப் பெரிய ஓசைக்கும் நடுவே உள்ள தூரம். 16 பிட்டுக்கு 96 டெசிபல். 24 பிட்டுக்குக் காகிதத்தில் 144. அந்த 144ஐ முழுதாகத் தரக்கூடிய கருவி எதுவும் கிடையாது. வீட்டு நிலவரத்தையும் பாருங்கள். நள்ளிரவில் அடங்கிய அறையிலேயே 30 டெசிபல் அளவுக்கு ஓசை இருக்கும். அதன் மேல் 96ஐ ஏற்றினால் 126. அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து யாரும் பாட்டுக் கேட்க முடியாது. மேலே மின்விசிறி ஓடினால் கதையே வேறு.

அப்படியானால் 24 பிட் எதற்கு? பதிவு செய்பவருக்கு அது பெரிய வரம். பாடகர் திடீரென்று உச்சத்துக்குப் போனாலும் ஒலி சிதையாதபடி, அளவைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நிம்மதியாகப் பதியலாம். கேட்பவருக்கு அந்த அளவு பலன் இருக்கிறதா என்பதில் பல ஆண்டுகளாகச் சண்டை. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற ஹை-ரெஸ் வட்டுகளை நேரடியாக ஒரு முறையும், நடுவே சிடி தரத்துக்குக் குறைத்து ஒரு முறையும் ஒலிக்கவிட்டார்கள். கேட்டவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரெய்ஸ் 18 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்து அலசினார். சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். ஏதோ ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது, முறையாகப் பழகியவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது என்பதே அதன் சாரம்.

ஆனால் மேயர், மோரன் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு குறிப்பு. அவர்கள் சோதித்த எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ பதிவுகள் ஏறக்குறைய எல்லாமே பெரும்பாலான சிடிகளைவிட நன்றாக ஒலித்தன என்கிறார்கள். நுணுக்கமாகக் கேட்கும் ஆட்களுக்காகத் தயாரிக்கிறோம் என்பதால் பொறியாளர்கள் அவற்றைக் கூடுதல் அக்கறையோடு, அமுக்காமல் செய்திருக்கிறார்கள். ஹை-ரெஸ் கடைகளுக்கு நான் இன்றும் போவதற்கு அதுதான் காரணம். நல்ல மாஸ்டர் பல நேரங்களில் அங்கேதான் கிடைக்கிறது.

இரண்டாம் படி: கோப்பு வகை

இதில் அதிகம் குழம்ப வேண்டாம். எம்பி3 கொஞ்சத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சுருக்குகிறது. 2001இல் வந்த ஃபிளாக் எதையும் இழக்காமல் சுருக்குகிறது. விரித்தால் மூலம் அப்படியே திரும்ப வரும். ஆப்பிள்காரர்களுக்கு அதே வேலையை ஏலாக் செய்கிறது. எஸ்ஏசிடி வழியாக வந்த டிஎஸ்டி என்பது 1 பிட்டில், நொடிக்கு 28 லட்சத்துக்கும் மேலான தடவை அளக்கும் வேறொரு முறை. அதற்கென்று தனி டிஏசி (கோப்பின் எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவி) தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இடக் கணக்கு தெரிந்திருக்கட்டும். சுருக்காத நிலையில் சிடி தரம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி. 24/96 (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்) என்றால் 34.6. 24/192 அதைப்போல் இரண்டு மடங்கு. ஃபிளாக் ஆக்கினால் பாதியை ஒட்டி வரும். ஒரே மாஸ்டர் இரண்டு விலையில் கிடைத்தால் 24/96 வாங்குங்கள், 192க்குப் போக வேண்டாம். ஓப்பன் சோர்ஸ் ஒலிக்கோப்பு முறைகளில் பெரிய பங்காற்றிய கிறிஸ் மான்ட்கோமரி 2012இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். காதுக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் போய், காதுக்கு எட்டும் இடத்தில் சிதைவை உண்டாக்கக்கூடும் என்பது அவர் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் பணம் செலவழிக்காமல் தொடங்குங்கள். நார்வேயில் 2எல் என்று ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது. அதை நடத்தும் மார்ட்டன் லிண்ட்பெர்க், ஸ்டுடியோவுக்குப் போகாமல் தேவாலயங்களில் பதிவு செய்பவர். நடுவில் மைக்குகளை ஒரு கோபுரம் மாதிரி நிறுத்தி, கலைஞர்களைச் சுற்றி வட்டமாக நிற்கவோ உட்காரவோ வைப்பார். டிரான்ட்ஹெய்ம் நகரின் நிடாரோஸ் பேராலயத்தில் அவர் பதிவு செய்த 'லக்ஸ்' 2020இல் கிராமி வாங்கியது. 2எல் தன் இணையதளத்தில் சோதனைக் கோப்புகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. ஒரே வாசிப்பு, ஒரே மைக், ஒரே மாஸ்டர். தரம் மட்டும் சிடியிலிருந்து 24/352.8 வரை வேறுபடும். இந்த விஷயத்தில் இறங்கும் யாரும் முதலில் இறக்க வேண்டியது இவைதான். அதில் மரியான் தோர்சன் வாசித்த மோட்சார்ட்டின் வயலின் கான்செர்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) ஒன்று இருக்கிறது. வில் கம்பியைத் தொடும் அந்தக் கணத்தில் ஒரு மெல்லிய உரசல் எழுந்து ஸ்வரமாக மாறும். அந்த உரசல் உங்கள் ஹெட்ஃபோனில் கேட்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கடையின் பெயரைப் பார்த்து வாங்குவதைவிட லேபிளை, அதாவது பதிவை வெளியிடும் நிறுவனத்தை, பார்த்து வாங்குவது நல்லது. புடவை எடுப்பவர்கள் தறி எந்த ஊர் என்று கேட்பது போலத்தான். மேற்கத்திய செவ்வியல் இசையில் ஸ்வீடனின் பிஸ், ஸ்காட்லாந்தின் லின், நெதர்லாந்தின் சேனல் கிளாசிக்ஸ், இங்கிலாந்தின் ஹைப்பீரியன், சாண்டோஸ் ஆகியவை பல்லாண்டுகளாகப் பதிவில் கவனம் செலுத்துபவை. அமெரிக்காவின் ரெஃபரன்ஸ் ரெக்கார்டிங்ஸும் அப்படித்தான். இவற்றில் சில தங்கள் தளத்திலேயே நேரடியாகக் கோப்புகளை விற்கின்றன.

பொதுக் கடைகள் என்று பார்த்தால் 2008இல் தொடங்கிய ஹெச்டிட்ராக்ஸ், பிரான்ஸின் கோபஸ், டிஎஸ்டிக்கு நேட்டிவ்டிஎஸ்டி. சில கடைகள் உங்கள் நாட்டைப் பார்த்துத்தான் விற்கும். பட்டியல் போட்டு ஆசையை வளர்க்கும் முன் உங்கள் ஊருக்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், கலைஞர் 24 பிட்டில் ஏற்றியிருந்தால் நமக்கும் 24 பிட்டிலேயே ஃபிளாக் கிடைக்கும். இளைய, தனித்து இயங்கும் இசைக்கலைஞர்களை அங்கேதான் கண்டுபிடிக்கிறேன். கொடுக்கும் காசில் பெரும்பகுதி அவர்களுக்கே போகிறது என்பதும் மனதுக்கு நிறைவு.

ஸ்ட்ரீமிங் போதும் என்பவர்களுக்கு ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து கூடுதல் கட்டணம் இல்லாமல் 24/192 வரை தருகிறது. ஆனால் அமைப்புகளுக்குள் போய் நீங்களே இயக்கிவிட வேண்டும். பலர் ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டியும் இதைச் செய்வதில்லை.

பழைய பதிவுகள் தனி உலகம். நாடாவில் பதிந்த 1950களின் ஸ்டீரியோ பதிவுகள் பல இன்றைய பதிவுகளுக்குச் சவால் விடும். இசைக்குழு நடத்துநர் ஃபிரிட்ஸ் ரெய்னர் 1954இல் சிகாகோ சிம்ஃபனியோடு ஆர்சிஏ நிறுவனத்துக்காகச் செய்தவை ஓர் உதாரணம். ஆனால் பழையதில் பூர்வீகம் இன்னும் முக்கியம். 1959இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பதிவில் ஒரு நாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும் சுருதி சற்று ஏறியே ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமே அதை அப்படித்தான் கேட்டது. 1992 மறுவெளியீட்டில்தான் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடாவை எடுத்துத் திருத்தினார்கள். தவறான நாடாவை 192இல் மாற்றியிருந்தால் தவறான சுருதிதான் மிகத் துல்லியமாகக் கிடைத்திருக்கும்.

நம் பழைய படப்பாடல்களிலும் இதே கேள்விதான். மூல நாடா எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாமல் '24 பிட் ரீமாஸ்டர்' என்ற வார்த்தைக்கு மட்டும் மயங்காதீர்கள். இசைத்தட்டிலிருந்தே எடுத்து, கரகரப்பை நீக்குகிறேன் என்று குரலின் உயிரையும் சேர்த்து நீக்கிய வேலைகளைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். கர்நாடக இசையிலும் பழைய கச்சேரிப் பதிவுகளின் மதிப்பு பாட்டில் இருக்கிறது. அவற்றை ஹை-ரெஸ் என்ற அளவுகோலால் அளக்கவே வேண்டாம்.

நான்காம் படி: வாங்கும் முன், வாங்கிய பின்

வாங்கும் முன் மூன்று விஷயம். ஆல்பக் குறிப்பில் பதிவு நடந்த இடமும் பதிவுப் பொறியாளர் பெயரும் இருக்கிறதா? பதிவு எந்தத் தரத்தில் நடந்தது என்று சொல்கிறார்களா? டைனமிக் ரேஞ்ச், அதாவது மெல்லிய இடத்துக்கும் பெரிய இடத்துக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு? கடைசி விஷயத்துக்கு இணையத்தில் பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆல்பங்களுக்கு 'டிஆர்' எண் போட்டிருப்பார்கள். 12, 14 என்றால் மெல்லியது மெல்லியதாகவும் பெரியது பெரியதாகவும் இருக்கிறது. 5, 6 என்றால் எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு அமுக்கியிருக்கிறார்கள். அலை வடிவத்தைத் திறந்து பார்த்தால் செங்கல் அடுக்கினாற்போல் இருக்கும். என் காதை வலிக்க வைத்த ஆல்பம் அந்த வகைதான்.

வாங்கிய பின் ஒவ்வொரு கோப்பையும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே அதிர்வெண், ஓசையின் வலுவுக்கு ஏற்ப நிறம். உண்மையான 24/96 பதிவில் நிறம் மேலே போகப் போக, வெயிலில் காயும் புல் நுனி மாதிரி மெலிந்து கரையும். பித்தளைத் தாளம், வயலின் வரும் இடங்களில் நுனி 30, 40 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும். சிடி தரத்தை இழுத்துப் பெரிதாக்கிய கோப்பில் 22க்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போல் கோடு விழும். அதற்கு மேல் கறுப்பு. 16இல் வெட்டு விழுந்தால் எம்பி3யிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எனக்கே ஒரு தடவை நடந்தது. 24/96 என்று வாங்கிய ஆல்பத்தில் எட்டுப் பாட்டில் மூன்று 22இலேயே நின்றிருந்தன. படத்தைச் சேர்த்துக் கடைக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டு வாரம் கழித்துப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதனால் வாங்கிய ரசீதையும் ஸ்பெக் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேலே ஒன்றுமே இல்லை என்பதால் மட்டும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். தனிக்குரல் பாட்டில் அங்கே இயல்பாகவே அதிகம் ஒன்றும் இருக்காது. சரிவு இயற்கையாக இருக்கிறதா, வெட்டு விழுந்திருக்கிறதா என்பதே கேள்வி. டிஎஸ்டியிலிருந்து மாற்றிய கோப்புகளில் உச்சியில் ஒரு மூட்டம் தெரியும். அது அந்த முறையின் இயல்பு, குறை கிடையாது.

ஐந்தாம் படி: கெடாமல் காதுவரை கொண்டுவருவது

காசில் பெரும்பங்கை ஹெட்ஃபோனுக்கோ ஸ்பீக்கருக்கோ ஒதுக்குங்கள். டிஏசிக்குக் கடைசியில் கொஞ்சம் போதும். ஆப்பிள் விற்கும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளே 24/48 வரை சுத்தமாகத் தருகிறது. பல வீடுகளுக்கு அதுவே போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி யூஎஸ்பி டிஏசி.

புளூடூத்தில் கேட்டால் கோப்பு எதுவாக இருந்தாலும் வழியில் மறுபடி சுருக்கப்படும். புளூடூத்தின் உயர்தர முறையான எல்டாக்கிலேயே உச்சம் நொடிக்கு 990 கிலோபிட். சிடிக்கு வேண்டியது 1,411. நடைப்பயிற்சிக்கு அது தாராளம். உட்கார்ந்து கேட்கும்போது வயர் போடுங்கள்.

கணினியில் இன்னொரு சிக்கல். விண்டோஸ், தன்னிடம் அமைத்து வைத்த ஒரே வேகத்துக்கு எல்லாக் கோப்புகளையும் மாற்றித்தான் அனுப்பும். ஃபூபார்2000 போன்ற பிளேயரில் வாசபி எக்ஸ்க்ளூசிவ் முறையைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு அப்படியே டிஏசிக்குப் போகும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் திறந்து வேகத்தைக் கோப்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ இந்த வேலையைச் செய்கிறது. டிஏசியில் விளக்கோ திரையோ இருந்தால் 96 கோப்பு ஓடும்போது 96 என்று காட்டுகிறதா பாருங்கள்.

ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அறைதான் பாதி கருவி. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணத்தின் மூன்று முனைகள். உயர் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்கட்டும். மொசைக் தரையும் வெறும் சுவரும் ஒலியை எறிந்துகொண்டே இருக்கும். ஒரு ஜமக்காளம், கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி ஆகியவை செய்யும் மாற்றத்தை எந்த டிஏசியும் செய்யாது. பக்கத்தில் உள்ளவரிடம் கைத்தட்டச் சொல்லிக் கேளுங்கள். 'டிங்' என்று உலோகம் மாதிரி திரும்பி வந்தால் அந்தச் சுவருக்குத் துணி வேண்டும்.

ஆறாம் படி: உங்கள் காதைச் சோதியுங்கள்

இதை ஒரே ஒரு மாலை செய்தால் போதும், பிறகு பல ஆயிரம் மிச்சம். 2எல் தரும் 24/96 கோப்பை நீங்களே 16/44.1 ஆக மாற்றுங்கள். ஃபூபாரில் ஏபிஎக்ஸ் என்ற துணைநிரல் உண்டு. இரண்டில் எது ஓடுகிறது என்று சொல்லாமல் ஓட்டும், நீங்கள் ஊகிக்க வேண்டும். ஒலி அளவு 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதையே நல்லது என்று காது சொல்லிவிடும். 16 தடவை செய்யுங்கள். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழ். எனக்கு 9 வந்தது. அன்றிலிருந்து நல்ல சிடி தரப் பதிவு கிடைத்தால் மனநிறைவோடு வாங்குகிறேன்.

ஏழாம் படி: உட்கார்ந்து கேளுங்கள்

விடியற்காலை ஐந்து மணி எனக்குப் பிடித்த நேரம். மோட்டார் ஓடாது, வண்டிச் சத்தம் இருக்காது. மின்விசிறியை நிறுத்திவிடுவேன். ஒலி அளவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்த்தித் தொடங்குங்கள். மெல்லிய இடங்கள் புரியப் புரியக் காது தானாகப் பழகும்.

தம்புரா உள்ள ஒரு நல்ல பதிவை எடுத்துக்கொண்டு, பாடகர் வாய் திறக்கும் முன் வரும் முதல் அரை நிமிடத்தை மட்டும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை நான்கு கம்பிகளையும் தனித்தனியாகப் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை அவற்றின் மேலே மிதக்கும் ரீங்காரத்தைத் தேடுங்கள். கம்பிகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டை மேல் ஜீவா என்று வைக்கும் நூலால் பிறக்கும் அந்த ஒலிக்கூட்டத்தில் யாரும் மீட்டாத ஸ்வரங்கள் கூடத் தோன்றி மறையும். மூன்றாம் தடவை கடைசிக் கம்பி அடங்குவதையும், அடுத்த சுற்று தொடங்குவதற்குள் வரும் அறையின் ஓசையையும் கேளுங்கள். சுமாரான பதிவில் இந்த மூன்றாவது இருக்காது, ஒலி பாதியில் முடிந்துவிடும்.

அது பிடிபட்டதும் அந்த சாண்டா பார்பரா பதிவுக்குப் போங்கள். தபலாவின் இடப்பக்க டக்காவை உள்ளங்கை அழுத்தும்போது ஒலி வளைந்து மேலேறுவதையும், விரல் எடுத்த பிறகு ஆலயச் சுவர்கள் அதைச் சிறிது நேரம் வைத்திருந்து விடுவதையும் கேளுங்கள்.